வெயில் விழுந்த பக்கம்

“இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க!”

“ஒண்ணும் சொல்லலையே.”

“சொன்னீங்க. மெஷின் சத்தத்துலயும் எங்காதுல விழுந்துச்சு. ‘கெட்டிக்காரன்’னு சொன்னீங்க.”

“வாய் தவறி வந்துருச்சும்மா.”

“வாய் தவறினா ‘அயோக்கியன்’னு வரக்கூடாதா? பாத்துப் பாத்து நல்ல வார்த்தைக்குத்தான் தவறுமா உங்க வாய்?”

தையல் மெஷின் நின்றுவிட்டது. அந்த வீட்டு மெஷின் மின்சாரம் போனால் நிற்கும், நூல் அறுந்தால் நிற்கும். இந்த இரண்டும் இல்லாமல் நின்றால் மெக்கானிக்குக்குக் கெட்ட நேரம் என்பது பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவன் அவன்தான். ஆனால் சொந்த வீட்டில் அவனுக்கு எப்போதும் கீழ்த்தளம்தான். அன்று காலை வேலைக்குக் கிளம்பியவன், ஒரு காலில் காலுறையும் மறு காலுறை கையிலுமாக டிவி முன்னால் நின்றுவிட்டான். நின்றவன் சும்மா நின்றிருக்கலாம். அந்த ஒற்றை வார்த்தையை விட்டுவிட்டான்.

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. டிவியில் ஓடிக்கொண்டிருந்தவன் ‘சிறுத்தை’. தடை தாண்டும் ஓட்டத்தில் நாட்டுக்கே பெயர் வாங்கிக் கொடுத்த வீரன். பிஸ்கட் உறையில் அவன் முகம், தண்ணீர்த் தொட்டியில் அவன் கால். அவன் ஓடுகிற நாளில் திருடர்கள்கூடத் தொழிலுக்குப் போக மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. அப்பேர்ப்பட்டவன் போன வாரம் பிடிபட்டான். மைதானத்தில் அல்ல, வீட்டில். வீட்டில் என்பதுகூடத் தப்பு. வீடுகளில்.

மூன்று வீடுகள். ஒன்றில் ஊரறியக் கட்டிய மனைவி. மற்ற இரண்டில் ஊரறியாத இருவர். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இதுவரை சொன்னது உலகத்தில் நடக்காதது இல்லை. ஆனால் இதற்குப் பிறகு வந்த தகவல்தான் ஊரை அசர வைத்தது. மூன்று வீடும் ஒரே அச்சு. எந்த வீட்டில் உட்கார்ந்து எந்த வீட்டுக்கு வீடியோவில் பேசினாலும் அவன் முதுகுக்குப் பின்னால் அதே சோபா, அதே சுவர்க் கடிகாரம், அதே திரை, அதே மீன்தொட்டி. ஒரு வீட்டில் மீன் செத்தால் மற்ற இரண்டு வீட்டிலும் உயிரோடு இருக்கிற மீனை எடுத்துவிடுவானாம்.

முதலில் ஊர் காறித் துப்பியது. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, அதே வாயைப் பிளந்தது.

“ஒரு வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடவே நமக்கு முதுகு ஒடியுது. இவன் மூணுக்கும் மீன் வரைக்கும் பாத்திருக்கான்யா!” என்று முடிவெட்டுகிறவர் கத்தியைக் காற்றில் நிறுத்தினார். நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தவர் ஆமோதித்தார்.

ஆண்களுக்கு அவன்மேல் மலைப்பு என்றால், பெண்களுக்கு அவன் மனைவிமேல். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று டிவிக்காரர்கள் படம் போட்டு விளக்கினார்கள். ஒருநாள் சாயங்காலம் வீடியோவில் பேசும்போது, சோபாவின் இடது கைப்பிடியில் வெயில் விழுந்திருந்ததாம். தன் வீட்டில் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வெயில் வராதே என்று அவளுக்குப் பொறி தட்டியதாம். சோபாவை வாங்கினான், கடிகாரத்தை வாங்கினான், சூரியனை வாங்க முடியவில்லை. ஒரு பூகோளப் பேராசிரியர் வந்து அம்புக்குறி போட்டுக் காட்டினார். ஊரே அன்று சாயங்காலம் தன் தன் வீட்டுச் சோபாவை எட்டிப் பார்த்தது.

இப்படியொரு நாளில்தான் மெக்கானிக்கின் வாய் தவறியது.

சமாளிக்க வேண்டும் என்று அவன் குரலை உயர்த்தினான். “சரி, ஒத்துக்கறேன். அவன் அயோக்கியன். படுபாவி. நாசமாப் போறவன். அவன நடுத்தெருவுல நிக்க வெச்சு…”

“போதும் நிறுத்துங்க. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கற கதையால்ல இருக்கு! அவன் மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? நீங்களா அவனுக்குப் பொண்டாட்டி?”

கீழே போகிற லிஃப்டை நிறுத்த அவனுக்குத் தெரியும். கீழே போகிற பேச்சை நிறுத்தத் தெரியாது. வேறு பொத்தானை அமுக்கினான்.

“நெசமாச் சொன்னா அந்தம்மாதான் கெட்டிக்காரி. என்ன கண்ணு! வெயில வெச்சே புடிச்சிருச்சே! அந்த மாதிரி ஒரு மூளை ஊருக்கு ஒருத்திக்கு இருந்தாப் பெருசு.”

கத்தரிக்கோல் மேசைமேல் விழுந்தது. விழவில்லை, மனைவிதான் வைத்தாள். வைத்த வேகத்தில் குண்டூசி டப்பா துள்ளியது.

“அப்போ மத்த வீட்டுல இருக்கறதெல்லாம் களிமண்ணா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“எனக்குக் கண்ணு இல்ல. மூளை இல்ல. இந்த மூலையில உக்காந்து பெடலை மிதிக்க மட்டும்தான் தெரியும். அப்படித்தானே? கையில இருக்கற துணி தச்சு முடியட்டும். நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்.”

அவன் கையிலிருந்த காலுறை நழுவியது.

அவள் வாயில் சும்மா வருகிற வார்த்தை அல்ல அது. ஒரே ஒரு தடவை, அண்ணிக்குப் பிரசவம் என்று அங்கே போயிருந்தாள். அப்போது மெக்கானிக்கின் சட்டையில் பொத்தானைவிடக் குண்டூசி அதிகமாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் அவனுக்குத் தூக்கம் வராது. மனைவி என்றால் அவனுக்கு அந்தச் சத்தம்தான். அதைச் சொல்லத் தெரியாத ஆள் என்பதால் எல்லோரும் அவனைச் சுகவாசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னறையில் துணிக் குவியல் அவன் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பள்ளிச் சீருடை, தலையணை உறை, திரை, மெத்தை விரிப்பு. அது தரையைத் தொடும் நாளில் அவள் போய்விடுவாள். மெக்கானிக் அந்தக் குவியலைக் கண்ணால் அளந்துவிட்டு, ஒற்றைக் காலுறையோடு வேலைக்குப் போனான்.

போகிற வழியிலேயே முடிவு செய்தான். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்கு அடிக்கடி தெரிவித்துவிட்டால் சந்தேகம் எப்படி வரும்?

இதில் ஒரு சிக்கல். லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்கிவிட்டால் போனுக்குச் சிக்னல் கிடையாது. அன்று வேலை ஒரு பல் டாக்டரம்மாவின் கட்டடத்தில். அடியில் இறங்கினால் மேலே வர நேரமாகும். எனவே டாக்டரம்மாவிடம் போய்ப் பல்லைக் காட்டினான். “மேடம், எங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டு, நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லிடறீங்களா?”

டாக்டரம்மா நல்ல மனுஷி. கூப்பிட்டாள். “உங்க வீட்டுக்காரர் எங்கிட்டத்தான் இருக்காரு. பத்திரமா இருக்காரு. நீங்க கவலப்பட வேண்டாம்” என்று குழைவாகச் சொன்னாள். பல் பிடுங்கப் போகிறவர்களிடம் பேசிப் பேசி அந்தக் குரல் அப்படியாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவனுக்குச் சாப்பாடு மேசையில் இருந்தது. மூடி போட்டு. மூடிமேல் இன்னொரு மூடி போட்டு.

“பத்திரமா இருந்தீங்களா?” என்றாள் மனைவி.

“ஷாஃப்டுக்குள்ள இருந்தேம்மா.”

“குரலே தேன்ல ஊறின மாதிரி இருந்துச்சு.”

“அவங்க பல் டாக்டர்!”

“அதான் அத்தன சர்க்கரையா பேசுறாங்க. தொழில் வளரணுமே.”

சரி, அடுத்தவர் குரல்தானே வினை? தானே வீடியோவில் கூப்பிட்டுவிடலாம் என்று மறுநாள் ஆரம்பித்தான். வேலைக்குப் போன முதல் கட்டடத்தில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்று முகத்தைக் காட்டினான். இரண்டாவது கட்டடத்தில் நின்று காட்டினான். மூன்றாவதில் காட்டும்போது மனைவி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது தெரிந்தது.

“என்னங்க, காலையிலேர்ந்து அங்கயேதான் நிக்கறீங்களா?”

“இல்லையே! இது மூணாவது இடம்.”

“பின்னாடி அதே சாம்பல் கதவு. அதே அம்புக்குறி. அதே பூந்தொட்டி.”

“எல்லா லிஃப்டும் ஒரே கம்பெனிம்மா. ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“ஆமாமா. அவன் வீடும் ஒரே மாதிரிதான் இருந்துச்சாம்.”

போன் அணைந்தது. மெக்கானிக் திரும்பிப் பின்னால் இருந்த பூந்தொட்டியைப் பார்த்தான். கோபத்தில் அதன் ஒரு இலையைக் கிள்ளிப் போட்டான். பிளாஸ்டிக் இலை. அதுவும் கையோடு வரவில்லை.

இதற்குள் குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. ஆத்திரம் வந்தால் வேகமாகத் தைக்கிற கை அவளுக்கு. அப்போதுதான் அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு சூழ்ச்சி செய்தான். குவியல் குறைந்தால்தானே போவாள்? குறையவிடாமல் பார்த்துக்கொண்டால்?

போகிற கட்டடத்தில் எல்லாம் கதவைத் தட்டினான். “மேடம், தைக்கறதுக்கு ஏதாவது இருக்கா? கிழிஞ்சது, பிரிஞ்சது, நீளம் கொறைக்கறது, எதுவா இருந்தாலும் சரி. எங்க வீட்டம்மா தைப்பாங்க.” லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவன் துணி கேட்கிறானே என்று சிலர் விழித்தார்கள். பலர் கொடுத்தார்கள். சாயங்காலம் தோளில் மூட்டையோடு தெருவில் நடந்து வந்தான்.

அந்தத் தெருவில் தோளில் மூட்டையோடு நடந்து, மேல்வீட்டு அக்காவின் கண்ணில் படாமல் தப்பித்தவர் எவரும் இல்லை. ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். காற்றுக்கு என்று சொல்வாள். காற்று இல்லாத நாளிலும் உட்கார்ந்திருப்பாள். மூட்டையின் வாயிலிருந்து ஒரு பெண்ணின் இரவு உடை எட்டிப் பார்த்ததை அவள் பார்த்தாள். மறுநாள் வேறொரு மூட்டை, வேறு நிறம். அதற்கு மறுநாள், இன்னொன்று.

“பூனை மாதிரி இருந்துக்கிட்டு… யானைப் பசியால்ல இருக்கு!” என்று கீழ்வீட்டுக்குச் சொன்னாள். அந்தக் குரலில் கண்டனம் இருந்தது. காது கொடுத்துக் கேட்டால் அதற்கு அடியில் ஒரு சின்ன மரியாதையும் இருந்தது.

செய்தி மெக்கானிக்குக்கு முன்னால் அவன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எப்போதும் கடைசியில் ஆறிப்போய் வருகிற டீ, அன்று முதலில் அவனிடம் வந்தது, ஆவி பறக்க. ஸ்டோர்காரன், கேட்ட ஸ்பேனரைத் துடைத்துக் கொடுத்தான். சூப்பர்வைசர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காருய்யா.”

மெக்கானிக் பின்னால் திரும்பிப் பார்த்தான். வேறு யாரும் இல்லை. இத்தனை வருஷ வேலையில் அந்த நாற்காலி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

“சிறுத்தைக்காவது ஒரு மேனேஜர் இருந்தான், கார் இருந்துச்சு, டிரைவர் இருந்தான்” என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார். “நீ பஸ்ஸுல போற ஆளு. லிஃப்ட் ரிப்பேர முடிச்சு, கையில கிரீஸோட… எப்படிய்யா?”

“என்ன சார் எப்படி?”

“எங்கிட்ட எதுக்குய்யா மறைக்கற? நான் என்ன உன் பொண்டாட்டியா?”

“சார், நீங்க நெனக்கற மாதிரி ஒண்ணுமே இல்ல சார்.”

சூப்பர்வைசர் மேசையைத் தட்டினார். “இதையேதான்யா சிறுத்தையும் சொன்னான்! இதே வார்த்தை! என்னா நெஞ்சழுத்தம்!”

மெக்கானிக் பேசாமல் இருந்து பார்த்தான். சிறுத்தையும் முதல் இரண்டு நாள் வாயே திறக்கவில்லையாம். கோபப்பட்டுப் பார்த்தான். சிறுத்தையும் ஒரு நிருபரிடம் கோபப்பட்டானாம். கண் கலங்கியது. அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவன் நெகிழ்ந்துபோய், “அண்ணே, அப்படியே அவரேதாண்ணே!” என்று கையைப் பிடித்துக்கொண்டான். உண்மையைச் சொல்ல உலகத்தில் இருக்கிற வழி எல்லாவற்றிலும் அந்தச் சிறுத்தை முன்னாலேயே ஓடி முடித்துவிட்டிருந்தான்.

சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் சொல்லிவிடலாம்: அந்த ஆவி பறக்கிற டீயை மெக்கானிக் ரசித்துத்தான் குடித்தான். ஒரு நாள். ஒரே ஒரு நாள். வீட்டுக்கு வந்து குவியலைப் பார்த்ததும் அந்த ருசி நாக்கிலிருந்து போய்விட்டது. அவன் கொண்டுவந்து போட்ட மூட்டைகளை அவள் பிரிக்கவே இல்லை. ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்தாள். பழைய குவியல் கணுக்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

“இதெல்லாம் யாரு குடுத்தது?” என்று காலால் மூட்டையைக் காட்டினாள்.

“பலபேரு.”

“பலபேரா!”

மெஷின் கடகடவென்று ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்து இறங்கினார். மனைவியின் அண்ணன். சிமெண்ட் கடை வைத்திருக்கிறவர். மூட்டை தூக்கிப் பழகிய குரல். தங்கை கூப்பிடவில்லை. மேல்வீட்டு அக்காதான், “எனக்கெதுக்கு ஊர் வம்பு” என்ற முன்னுரையோடு போன் செய்திருந்தாள். இப்போது ஊசி இரவல் வாங்க வந்தவளாகக் கூடத்தில் நின்றாள். கையில் ஊசி கொடுத்தாகிவிட்டது. நகரவில்லை.

“மாப்ள, இங்க வாங்க. தனியாப் பேசணும்.” மச்சான் அவனைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். மீசையைத் தடவினார். மெக்கானிக் அடி விழுவதற்குத் தயாராகக் கண்ணை மூடினான்.

காதருகே ஒரு கிசுகிசுப்பு வந்தது. “தப்பா நெனக்காதீங்க… நேரம் எப்படி மாப்ள கெடைக்குது? எனக்குக் கடைய விட்டு நகர முடியல.”

“மச்சான்! நீங்களுமா!”

“சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்று மச்சான் அவசரமாகச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு, கூடத்துக்கு வந்ததும் கர்ஜித்தார். “இதுக்கெல்லாம் நான் மசிய மாட்டேன்! எந்தங்கச்சி கண்ணீருக்குப் பதில் சொல்லுங்க!”

தங்கையின் கண்ணில் கண்ணீர் எதுவும் இல்லை. கடைசித் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பை, வாய் கட்டித் தயாராக இருந்தது. குவியல் இருந்த இடத்தில் தரை தெரிந்தது.

மெக்கானிக் அந்தத் தரையைப் பார்த்தான். நிஜமாகவே போய்விடுவாள். இல்லை என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. நிரூபித்துப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் என்ன?

மிச்சம் ஒன்று இருந்தது. அன்று காலைதான் சிறுத்தையின் மனைவி முதல்முறையாக டிவியில் வாயைத் திறந்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியம். “ஒத்துக்கிட்டிருந்தா மன்னிச்சிருப்பேன்.” என்ன மனசு, என்ன மனசு என்று பாத்திரம் தேய்க்கிற இடமெல்லாம் கேட்டது.

மெக்கானிக் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

“ஒத்துக்கறேன்.”

மெஷின் நின்றது.

“என்னத்த?” என்றாள் மனைவி.

“எல்லாத்தையும். எனக்கு… இருக்கு.”

மேல்வீட்டு அக்கா ஊசியைத் தவறவிட்டாள். மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “எத்தன பேரு?”

“ரெண்டு.” மனைவியின் முகத்தைப் பார்த்தான். “இல்ல, ஒண்ணு.”

மனைவி மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

“பேரு?”

இதை அவன் யோசிக்கவில்லை. சிறுத்தையாக இருந்தால் இந்த இடத்தையும் தாண்டியிருப்பான். மெக்கானிக் அந்தத் தடையில் கால் மாட்டி நின்றான். அவன் மனசில் பெயரோடு பதிந்திருந்த பெண்கள் உலகத்தில் மூன்றே பேர்: பெற்றவள், கட்டியவள், கட்டியவளைப் பெற்றவள். மற்றவர்களெல்லாம் அவனுக்கு மேடம். முதல் இரண்டையும் சொல்லக்கூடாது என்கிற அளவுக்குத்தான் அந்த நேரத்தில் மூளை வேலை செய்தது. மூன்றாவது, அவன் தடுப்பதற்குள் வாயை விட்டு வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்றது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு மச்சானுக்குப் புரிந்தது. மாப்பிள்ளை மரியாதை எல்லாம் ஒரே நொடியில் பறந்தது.

“டேய்! அது எங்கம்மாடா!”

அந்த நேரத்தில்தான் மெக்கானிக்கின் மனைவி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு அல்ல. மெஷின்மேல் தலையை வைத்து, தோள் குலுங்க, விக்கல் வந்து, அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும் சிரித்தாள்.

“இவரா? இவரா அண்ணே? ஒரு பொய்ய முழுசாச் சொல்லத் துப்பில்லாத மனுஷன் அண்ணே இது! அவன் மூணு வீட்டுல மீன் வளத்தான். இவருக்கு ஒரு காலுறைக்கு ஜோடி எங்கன்னு தெரியாது.”

“அப்போ மூட்டை?” என்றாள் மேல்வீட்டு அக்கா. நெஞ்சு பொறுக்கவில்லை அவளுக்கு.

“பிரிச்சுப் பாருங்க. அத்தனையும் ஊர்ல இருக்கற கந்தல். கிழிசல்ல மாட்டி ஊசியே ஒடிஞ்சுரும். அதான் தொடல.”

“அப்போ பை?” என்றான் மெக்கானிக்.

“தச்ச துணியக் கொண்டுபோய்க் குடுக்க வேணாமா? கையிலயா அள்ளிட்டுப் போவாங்க?”

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குவியல் இருந்த அதே இடத்தில்.

“எம்மேல உனக்குச் சந்தேகமே இல்லையா?”

“உங்க மேலயா? சந்தேகப்படறதுக்கும் ஒரு தகுதி வேணாமா?”

கொஞ்சம் வலித்தது. இருந்தாலும் அந்த வலி சுகமாக இருந்தது. பிறகு, ஆபத்து நீங்கிய மனுஷனுக்கு வருகிற அசட்டுத் துணிச்சலில் கேட்டான். “அப்புறம் எதுக்கும்மா இத்தன நாளா எம்மேல அவ்வளவு கோவம்?”

“அது வேற.”

“வேறன்னா?”

“வேறன்னா வேற. காலத் தூக்குங்க, டேப்பு மேல உக்காந்திருக்கீங்க.”

மெஷின் ஓட ஆரம்பித்தது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் ஊருக்குத் தெரியும். கம்பெனியில் டீ பழையபடி ஆறிப்போய்க் கடைசியில் வந்தது. மாமியார் பெயர் விஷயம் மச்சான் வாய் வழியாக மாமியாருக்கே போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டாள். மேல்வீட்டு அக்கா, இந்தத் தெருவில் இனி ஒன்றும் நடக்காது என்று மனம் வெறுத்து, நாலு முக்குச் சந்திப்பில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பல் டாக்டரம்மா, வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லாத ஒரு நோயாளியைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

சிறுத்தையின் இரண்டாவது வீட்டுக்காரியும் மூன்றாவது வீட்டுக்காரியும் கோர்ட்டு வாசலில் சந்தித்துச் சிநேகமாகி, இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லையாம். சிறுத்தை யாரையும் கட்டவில்லை. பயிற்சியாளர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறான். மீன்தொட்டி கிடையாது.

அவன் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோனாள். போகிற அன்று மத்தியானம், இந்தத் தெருவுக்குள் ஒரு கார் வந்து மெக்கானிக் வீட்டு வாசலில் நின்றது. கதவைத் திறந்தது மெக்கானிக். எதிரே நிற்பது யார் என்று தெரிந்ததும் திறந்த கதவையும் வாயையும் மூட மறந்தான். தெருவில் ஜன்னலுக்கு ஒரு தலை முளைத்தது.

“புது வீட்டு ஜன்னலுக்கு அளவு கொண்டாந்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் உள்ளே வந்து, சுவாதீனமாக மெஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். ஊரில் இத்தனை பெரிய கடைகள் இருக்க, இந்தச் சந்துக்கு எப்படி வழி தெரிந்தது என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை. அவன் மனைவியோ திடீரென்று ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாகிவிட்டாள். கண் தெரியாதவள்போல ஊசியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

மெக்கானிக்கால் அடக்க முடியவில்லை. “அம்மா, ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுல உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல. அந்த வெயில் விழுந்ததப் பாத்தீங்களே… அந்தக் கண்ணு யாருக்கு வரும்! எத்தன தடவ இவகிட்டச் சொல்லியிருப்பேன், கத்துக்கன்னு!”

அந்த அம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் மனைவியைப் பார்த்தாள். “அடிப்பாவி, வெளிய சொல்லக்கூடாதுன்னா இவருகிட்டக்கூடவா சொல்லல?” என்று சிரித்துவிட்டு, மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

“எங்க வீட்டு ஜன்னலத் தொறந்தா எதிர்வீட்டுச் சுவருதாங்க தெரியும், வெயிலுக்கு எங்க போறது? அந்த வெயில் கதை நான் டிவிக்காரங்களுக்குக் கட்டி விட்டது. என் ஜன்னல் அளவுக்கே மூணாவது ஜோடித் திரை தைக்க அவரோட ஆள் வந்து குடுத்தப்போ, ‘ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு மொத்தம் எத்தன வீடு?’ன்னு எனக்குப் போன் போட்டுக் கேட்டதே உங்க வீட்டம்மாதான்!”